இரு வினைகளுக்கு நடுவே நிற்கும் சொல்

கந்தோர் ஒன்றிலே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒரே ஒரு நாள் பிந்தி வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதையும் மறைக்கவில்லை. மேலதிகாரி கேட்டபோதெல்லாம் 'ஆம், பிந்தித்தான் வந்தேன்' என்று ஒப்புக்கொள்கிறார். பின்னர் அதனை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்கிறார்கள். இளைஞர் எழுதுகிறார்: 'ஐ அட்மிற்றெட் றிப்பீற்றெட்லி கமிங் லேற்.'

அவர் மனத்தில் இருந்த பொருள், 'நான் பிந்தி வந்ததைத் திரும்பத் திரும்ப ஒப்புக்கொண்டேன்' என்பது. அதிகாரி கொள்ளும் பொருளோ, 'நான் திரும்பத் திரும்பப் பிந்தி வந்ததை ஒப்புக்கொண்டேன்' என்பது. உண்மை பேசிய ஒருவர் தம் சொந்தக் கையெழுத்தினாலேயே வழக்கமாகப் பிந்தி வருபவர் ஆகிவிடுகிறார். அந்த வசனத்தில் எழுத்துப் பிழை இல்லை; காலப் பிழையும் இல்லை. ஒரு சொல் நிற்கும் இடம் மட்டுமே பிழை.

'இங்' என்று முடியும் ஆங்கில வினைகளோடு வினையடையை எங்கே நிறுத்துவது என்பதே இவ்வாரப் பாடம். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். பிள்ளைகள் அவற்றைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்ப்பார்களாயின் எழுத்துக்கூட்டலுக்கும் அது பயிற்சியாகும்.

1. எல்லை வேலி

தமிழில் வினையடை தன் வினைக்கு முன்னே நிற்கும். 'மெல்ல நடந்தான்', 'உரக்கப் பேசினாள்' என்கிறோம். ஆங்கிலத்திலோ வினையடை வினைக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஆகவே இரண்டு வினைகளுக்கு நடுவே ஒரு வினையடையை வைத்தால், அது இரண்டு வளவுகளுக்கும் பொதுவான எல்லை வேலி போல் ஆகிவிடுகிறது. இந்தப் பக்கத்தாரும் தமது என்பர், அந்தப் பக்கத்தாரும் தமது என்பர். 'அட்மிற்றெட்', 'கமிங்' என்னும் இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட 'றிப்பீற்றெட்லி'யின் கதி இதுவே.

இதற்கு மருந்து எளிது. வினையடையை நடுவிலிருந்து அகற்றி, அதற்குரிய வினையின் மறுபக்கத்தில் வையுங்கள். 'ஐ றிப்பீற்றெட்லி அட்மிற்றெட் கமிங் லேற்' என்றால் ஒப்புக்கொண்டதுதான் பல தடவை. இன்னோர் உதாரணம்: 'த டொக்ரர் றெகியுலர்லி அட்வைஸ்ட் ரேக்கிங் த மெடிசின்' என்றால், வைத்தியர் தவறாமல் அறிவுரை கூறி வந்தார். 'த டொக்ரர் அட்வைஸ்ட் ரேக்கிங் த மெடிசின் றெகியுலர்லி' என்றால், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும்படி அவர் கூறினார். வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

2. காற்புள்ளியின் உதவி

'ஷீ சற் குவையற்லி றீடிங் த லெற்றர்.' அவள் அமைதியாக இருந்தாளா, அமைதியாக வாசித்தாளா? காற்புள்ளி ஒன்று இட்டால் ஐயம் தீரும். 'ஷீ சற் குவையற்லி, றீடிங் த லெற்றர்' என்றால் அமைதியாக இருந்தாள். 'ஷீ சற், குவையற்லி றீடிங் த லெற்றர்' என்றால் சத்தமின்றி வாசித்தாள். ஆயினும் முதற் பிரிவில் காட்டிய 'அட்மிற்றெட் கமிங்' போன்ற வசனங்களில் காற்புள்ளி இடலாகாது. அங்கே 'கமிங் லேற்' என்பது 'எதை ஒப்புக்கொண்டார்?' என்னும் கேள்விக்கு விடையாகும் செயப்படுபொருள். வினையையும் அதன் செயப்படுபொருளையும் காற்புள்ளி பிரிக்காது.

3. செயப்படுபொருளுக்கு முன் வைக்காதீர்கள்

'றீடிங் கெயர்ஃபுலி த லெற்றர்' என்று எழுதுவோர் நம்மிடையே பலர். ஆங்கிலம் இதனை விரும்புவதில்லை. 'கெயர்ஃபுலி றீடிங் த லெற்றர்' என்றோ, 'றீடிங் த லெற்றர் கெயர்ஃபுலி' என்றோ எழுதுங்கள். வினையையும் செயப்படுபொருளையும் சேர்ந்தே இருக்க விடுங்கள்.

4. வாசித்தலும் வாசிப்பும்

'இங்' சொல் சில வேளை வினைத்தன்மையோடு நிற்கும். சில வேளை முழுப் பெயராகிவிடும். இதனைத் தமிழைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். 'கடிதத்தைக் கவனமாக வாசித்தல்' என்கிறோம். 'கடிதத்தின் கவனமான வாசிப்பு' என்றும் சொல்லலாம். 'வாசித்தல்' செயப்படுபொருளை ஏற்கிறது. ஆகவே 'கவனமாக' என்னும் வினையடை வருகிறது. 'வாசிப்பு' பெயராகவே நிற்கிறது. ஆகவே 'கவனமான' என்னும் பெயரடை வருகிறது.

ஆங்கிலத்திலும் அவ்வாறே. 'றீடிங் த லெற்றர் கெயர்ஃபுலி' என்பதில் வினைத்தன்மை உண்டு. 'த கெயர்ஃபுல் றீடிங் ஒவ் த லெற்றர்' என்பதில் முன்னே 'த'வும் பின்னே 'ஒவ்'வும் வந்து அதனைப் பெயராக்கிவிட்டன. ஆகவே பெயரடை வருகிறது. 'த கெயர்ஃபுலி றீடிங் ஒவ் த லெற்றர்' என்பது பிழை.

5. எதிர்மறை முன்னே வரும்

'வழி தெரியாமல்' என்னும்போது நமது எதிர்மறை வினையடிக்குப் பின்னே வருகிறது. அந்தப் பழக்கத்தினால் 'நோயிங் நொட் த வே' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'நொட்', 'நெவர்' இரண்டும் 'இங்' சொல்லுக்கு முன்னே வரவேண்டும்: 'நொட் நோயிங் த வே, ஹீ ஆஸ்க்ட் எ பொலிஸ்மன்.'

6. யார் நடந்தது?

'வோக்கிங் ஸ்லோலி ரு த பஸ் ஸ்ராண்ட், த பஸ் லெஃப்ற்.' எழுதியவர் மெல்ல நடந்து போனார், அதற்குள் பஸ் போய்விட்டது என்பதே கருத்து. ஆனால் வசனம் சொல்வது, பஸ் வண்டி மெல்ல நடந்து பஸ் நிலையத்துக்குப் போய்ப் புறப்பட்டது என்பதையே! 'இங்' தொடர் வசனத்தின் தொடக்கத்தில் வந்தால், காற்புள்ளிக்கு அடுத்து வரும் எழுவாயே அச்செயலைச் செய்தவராக இருக்க வேண்டும். 'வோக்கிங் ஸ்லோலி ரு த பஸ் ஸ்ராண்ட், ஐ மிஸ்ட் த பஸ்' என்பதே சரி.

இவ்விதி நமக்குப் புதிதன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியத்தின் வினையியல் கூறுகிறது. 'கந்தன் நடந்து வந்தான்' என்றால் நடந்தவனும் கந்தன், வந்தவனும் கந்தன். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்னும் வழக்கு எப்படி என்று கேட்பீர்கள். அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்னும் பொருளில் வந்தது என இலக்கணகாரர் அமைதி கூறுவர். ஆங்கிலத்திலும் இரண்டு எழுவாய்கள் வேண்டுமாயின் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: 'த பஸ் ஹாவிங் லெஃப்ற், வீ வோக்ட் ஹோம்.'

பயிற்சி

பின்வருவனவற்றைத் திருத்துக. விடையைப் பார்க்குமுன் எழுதிப் பாருங்கள்.

அ. ஷீ என்ஜோய்ஸ் றீடிங் சைலன்ற்லி த பேப்பர்.

ஆ. த ஸ்லோலி ஓப்பனிங் ஒவ் த டோர்.

இ. லிசினிங் அற்றென்ரிவ்லி ரு த றேடியோ, த லைற் வென்ற் அவுற்.

விடைகள்: (அ) 'றீடிங் த பேப்பர் சைலன்ற்லி' என்று வரவேண்டும். (ஆ) 'த ஸ்லோ ஓப்பனிங் ஒவ் த டோர்.' (இ) வானொலி கேட்டது விளக்கு அன்று. 'வைல் ஐ வோஸ் லிசினிங் அற்றென்ரிவ்லி ரு த றேடியோ, த லைற் வென்ற் அவுற்' என்க.

இனி அந்த இளைஞரின் கடிதத்துக்கு வருவோம். வினையடையை இடம் மாற்றினால் மட்டும் போதுமா? அது ஒப்புக்கொண்டதைத் தெளிவாக்கும். ஆனால் எத்தனை தடவை பிந்தினார் என்பதைச் சொல்லாது. அவருடைய வேலைக்கு முக்கியமான செய்தி அதுதான். ஆகவே இரண்டு வினைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய அடையைக் கொடுப்பதே மேல்: 'ஐ கேம் லேற் ஒன்லி வன்ஸ், அண்ட் ஐ ஹாவ் றிப்பீற்றெட்லி அட்மிற்றெட் இற்.' நான் ஒரே தடவைதான் பிந்தினேன். அதனைப் பலமுறை ஒப்புக்கொண்டுள்ளேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆங்கிலத்தில் விண்ணப்பமோ கடிதமோ எழுதினால், தபாலில் இடுமுன் ஒவ்வொரு வினையடையையும் விரலால் தொட்டு, 'இது எந்த வினைக்கு உரியது?' என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒரு கணம் தயங்கினாலும் அந்தச் சொல்லை இடம் மாற்றச் சொல்லுங்கள். எழுதியவருக்கே ஐயம் தரும் சொல், அவரை அறியாத ஒருவர் கையில் போய்ச் சேரும்போது அவருக்காக வாதாடாது.