மார்கழிக் குளிரில் தொட்டி மீன்கள்

ஓசூர், பெங்களூருப் பக்கம் தோட்டத்துத் தொட்டியில் ஆஸ்கர், ஜெயன்ட் கௌராமி வளர்க்கிறீர்களா? கார்த்திகை பிறந்ததுமே ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். விடியற்காலையில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். வெளிக்குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீனியைக் குறைத்துவிடுங்கள், செரிக்காது. 13 டிகிரியை ஒட்டி வந்தால் ஆஸ்கர் பிழைப்பதே கஷ்டம்.

இரவில் பாலிதீன் ஷீட்டைத் தண்ணீரில் படாமல் தொட்டிக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். ஓரத்தில் காற்று போக இடம் வேண்டும். அழகுக்கு வைத்த நீரூற்றை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை ஆறவைப்பதே அதுதான். ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

போர்வெல் தண்ணீர் விடியலில் வெதுவெதுப்பாக வரும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மீன் பண்ணைக்காரர்களும் குளிர் அலைக்கு இதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவு. உயரத்திலிருந்து சிதறி விழும்படி, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

ஹீட்டர் போடுவதானால், மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தண்ணீரில் கைவைக்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் இத்தனை பாடும் வீண். அங்கே கோய் கெண்டை வளர்க்கலாம், குளிர் அதற்குப் பழக்கம்.