கடைமடைக்கும் தண்ணீர் வேண்டும்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நீ போனில் அழுதது காதிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்துவிட்டது, உன் கல்யாணத்துக்குச் சேர்த்த வளையல்களை அடகு வைத்து இந்த வாரமே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டாய். சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் அடகுக் கடைக்குப் போகுமுன் அத்தை சொல்வதைக் கேள்.

முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள் நான். ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் பலருக்குக் கீமோ மாதக்கணக்கில் போகும். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று முதல் ஐந்து வாரம். சிலருக்கு ஐந்து வருஷத்துக்கு மாத்திரை. நாம் கடைமடைக்காரர்கள். தண்ணீரெல்லாம் தலைமடையிலேயே தீர்ந்தால் பயிர் என்னாகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒருத்தி கையில் இருந்ததையெல்லாம் ஆபரேஷனுக்கே கட்டினாள். கதிர்வீச்சுக்குப் போய்வர பஸ் காசில்லாமல் பாதியில் நின்றாள். இரண்டே வருஷத்தில் நோய் திரும்பிவிட்டது.

முதல் வேலை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்பார்கள். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கு. ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸ் போனால் அங்கேயே பதிவு செய்வார்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் அட்வான்ஸ் கட்டுமுன், ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் திட்டத்தில் வருமா என்று கேள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிரிவே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாலும் பயப்படாதே. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்குக் கால் பங்குதான். அதற்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கு.

ஆபரேஷன் முடிந்ததும் விலாப்பக்கம் ஒரு குழாய் தொங்கும், நுனியில் நீர் சேரும் டப்பா இருக்கும். பழைய புடவையில் நாடா வைத்துப் பை தைத்து, அதைப் போட்டுத் தோளில் மாட்டிவிடு; அம்மா கூசாமல் நடப்பாள். தினம் எத்தனை மில்லி என்று நோட்டில் குறித்து வை. குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை விரல்களைச் சுவரில் மெல்ல மேலே நகர்த்தச் சொல். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடு. கோடு ஏற ஏற அவளுக்கே தெம்பு வரும்.

இன்னொன்று, உன் வளையல் அடகுக்குப் போனது தெரிந்தால் அம்மா பாதியிலேயே போதும் என்பாள். அவளை எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பேன். ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அத்தை
நாகப்பட்டினம்