கிளாட் தேர்வும் வாசிப்புப் பயிற்சியும்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில், அதாவது பி.ஏ. போன்ற பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் இணைத்துத் தரும் படிப்பில், சேர்வதற்காக 2008 முதல் நடைபெற்றுவரும் கிளாட் எனும் பொது நுழைவுத்தேர்வு, 2020இல் நினைவாற்றலைவிட வாசிப்பையே முதன்மையாகச் சோதிப்பதாக மாற்றியமைக்கப்பட்டது. இருந்தும், மாணவர் பலர் சட்டப் பிரிவுகளையும் லத்தீன் தொடர்களையும் உருப்போட்டே மாதக்கணக்கில் காலத்தைச் செலவிடுவது வருந்தத்தக்கது.

சட்டத் தருக்கப் பகுதி முன்னறிவை எதிர்பார்ப்பதில்லை. பொருத்த வேண்டிய விதியைக் கொடுக்கப்பட்ட பத்தியே தந்துவிடுகிறது. தம் நிலத்தில் ஆபத்தான பொருளைத் தேக்கி வைப்பவர், அது எல்லை தாண்டி வெளியேறிப் பிறர்க்குச் சேதம் விளைவித்தால், தம்மிடம் கவனக்குறைவு இல்லாதபோதும் இழப்பீடு தரவேண்டும் என்பது 1868இல் இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் உறுதிப்பட்ட கடும் பொறுப்பு விதியாகும். இவ்விதியைத் தந்துவிட்டு, ஆலையின் அமிலத் தொட்டி வெடித்து வளாகத்துக்குள் நின்ற பார்வையாளர் ஒருவர் காயமுற்றதாகக் கேட்டால், இரக்கப்பட்டு இழப்பீடு வழங்கும் மாணவர் மதிப்பெண்ணை இழப்பார். ஏனெனில் அமிலம் எல்லையைத் தாண்டவில்லை, ஆகவே இவ்விதியின்படி பொறுப்பு எழவில்லை. மாதிரித் தேர்வைத் திருத்தும்போது, பத்தியின் எந்தச் சொல் விடையைத் தீர்மானித்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் அடிக்கோடிட்டுப் பார்ப்பதே மிகுந்த பயன் தரும் பயிற்சியாகும்.

120 நிமிடங்களில் 120 கேள்விகள், அவற்றோடு ஏறக்குறைய 450 சொற்கள் வரை நீளும் பத்திகள் என்பதால் வாசிப்பு வேகம் இன்றியமையாதது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பது தமிழ்வழியில் பயின்றோர்க்கு இழைக்கப்படும் அநீதியே. அது நீங்கும்வரை, பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நாள்தோறும் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் இரண்டு வரியில் எழுதிப் பழகுவது அவர்களுக்குக் கைகொடுக்கும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்பட்டாலும், நான்கு விடைகளில் இரண்டைக் காரணத்தோடு நீக்க முடிந்தால், மீதமுள்ள இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பதே கணக்குப்படி ஆதாயம்.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் இடறுவது பெயர்தான்: மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்தாக இருப்பது ஆதாரில் தந்தை பெயராக விரிந்திருக்கும். இதனையும் சாதி, இருப்பிடச் சான்றிதழ்களையும் கோடை விடுமுறையிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பட்டியல் மத்திய, மாநில அளவில் வேறுபடுவதால், எந்தப் படிவத்தில் சான்றிதழ் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் தேர்வு டிசம்பரில், அரையாண்டுத் தேர்வை ஒட்டியே வருகிறது. அதற்காகப் பள்ளிப் பாடத்தை ஒதுக்குவது தகாது. ஏனெனில், கிளாட்டில் இடம் கிடைக்காவிட்டாலும், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வின்றிப் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே ஐந்தாண்டுப் படிப்புக்கு மாணவரைச் சேர்க்கிறது.