பூவை விடுங்கள், அடியிலையைப் பாருங்கள்

நர்சரியில் பெரிய ரோஜாப் பூவைக் கண்டதும் பலர் பணத்தை நீட்டிவிடுகிறார்கள். மணமும் வேண்டும், மருந்தடிக்கும் வேலையும் குறைய வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

1. இடம்: குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். இல்லையென்றால் ரோஜா ஆசையே வேண்டாம்.

2. ரகம்: சமவெளியில் முதல் செடி பன்னீர் ரோஜாதான். பூ சீக்கிரம் உதிரும். ஆனால் மணமும் உண்டு, வெயிலையும் தாங்கும். ஓசூர்ப் பக்கம் பூங்கொத்துக்காக வளர்க்கும் தாஜ்மகால், நீண்ட காம்புக்கும் வாடாத தன்மைக்கும் பெயர் போனது. மணத்துக்காக அதை வாங்காதீர்கள். டபுள் டிலைட் கமகமக்கும், சாம்பல் நோயும் சுலபமாகப் பிடிக்கும்.

3. சோதனை: ஏமாறுவது இங்கேதான். உரம் வைத்தால் எந்தச் செடியும் மேலே தளதளவென்று துளிர்விடும். குனிந்து அடியிலையைப் பாருங்கள். ஓரம் பிசிறிய கரும்புள்ளியும் சுற்றிலும் மஞ்சளும் இருந்தால் கரும்புள்ளி நோய். அடிப்பக்கம் மொட்டையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். துளிரில் வெள்ளை மாவு படிந்திருந்தால் சாம்பல் நோய்.

அடுத்து, ரகத்தை வேர்ச்செடியோடு இணைத்திருக்கும் ஒட்டு. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து வேர்ச்செடியுடையது. விட்டுவைத்தால் நீங்கள் வாங்கிய ரகத்தையே அமுக்கிவிடும். ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடியின் போத்து என்று இலையை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். நல்ல ரகத்திலும் ஏழு வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் கணக்கு.

இந்தத் தொல்லையே வேண்டாமா? உங்கள் தெருவில் மருந்தில்லாமல் மழைக்காலத்தைத் தாண்டிய பன்னீர் ரோஜா இருக்கும். பென்சில் கனத்தில் ஒரு குச்சி கேட்டு வாங்கி நடுங்கள். பன்னீருக்கு ஒட்டே தேவையில்லை.

4. மணம்: காலையில், பாதி விரிந்த பூவை முகருங்கள். உச்சி வெயிலில் முகர்ந்துவிட்டு மணமில்லை என்று ஒதுக்காதீர்கள்.

5. நட்டபின்: தண்ணீர் வேருக்கு, அதுவும் காலையில். இலை தொடர்ந்து 7 மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை தொற்றிவிடும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

நோயே வராத ரோஜா என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மார்கழியில் போய் வாங்குங்கள். அடைமழைக்குப் பிறகும் அடியிலையோடு நிற்பதே நல்ல செடி.