பனையை வெட்டினால் ஏன் துளிர்ப்பதில்லை?

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் 1974-ல் அரசு எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் நின்று சுற்றிலும் பாருங்கள். மழையை நம்பிய மானாவாரி நிலம். நடுவில் ஆங்காங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிமிர்ந்து நிற்கும் பனைகள்.

அந்தப் பக்கம் போயிருந்தபோது ஒருவர் கேட்டார்: "பத்து வருஷமா நிக்கு தம்பி, ஒரு காய் இல்ல. வெட்டிட்டு வேற ஏதாச்சும் வச்சிரலாமா?" பக்கத்தில் இருந்த பனையேறும் பெரியவர் உடனே சொன்னார்: "வேம்ப வெட்டுனா திரும்பத் தளுக்கும். பனைய வெட்டுனா போச்சுல்லா!"

பெரியவர் சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் இருப்பது அறிவியல். ஒரு தாவரம் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படித் தண்ணீர் குடிக்கிறது, எப்படி வாரிசை உண்டாக்குகிறது என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்கு நாமே பதில் சொல்லிவிடலாம். பள்ளியில் படித்த பாடம்தான். இந்த முறை பனையை வைத்துப் படிப்போம்.

சமையல் நடப்பது ஓலையில்

தாவரம் மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது என்று பலர் நினைக்கிறோம். மண் கொடுப்பது தண்ணீரும் தாது உப்புகளும் மட்டுமே. மரத்தின் உடம்பில் இருக்கும் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வருகிறது.

ஓலையில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளம். அவற்றின் வழியே கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது. வேர் அனுப்பிய தண்ணீர் தயாராக இருக்கிறது. ஓலையின் பச்சையம் வெயிலைப் பிடித்து, அந்த ஆற்றலைக் கொண்டு இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. ஆறு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு மூலக்கூறு தண்ணீரும் சேர்ந்தால் ஒரு மூலக்கூறு குளுக்கோஸ். கூடவே ஆறு மூலக்கூறு ஆக்சிஜன் வெளியே வருகிறது. நாம் சுவாசிக்கும் அந்த ஆக்சிஜன் தண்ணீர் உடைவதால் கிடைப்பது.

ஓலை என்பது பனையின் அடுப்படி. தட்டிக்கும் வேலிக்கும் என்று பச்சை ஓலையை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிட்டால் மரத்துக்குச் சமையல் நின்றுபோகும். பதநீரும் குறையும். பனையேறிகள் கொண்டையில் போதுமான ஓலையை விட்டுவைப்பது இதனால்தான்.

சேர்த்ததைச் செலவு செய்வது

சர்க்கரை இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஆற்றலை எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் சுவாசித்தல். ஒளிச்சேர்க்கை பகலில் மட்டும் நடக்கும். சுவாசித்தல் இரவு பகலாக, உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் நடக்கும். வேருக்கும் காற்று வேண்டும். வயலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளடித்து வாடுவது ஏன்? மண் இடுக்கில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறுவதால்தான்.

செலவு போக மிச்சமுள்ள சர்க்கரையைத் தாவரம் ஸ்டார்ச்சாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பனைக்கு அந்தச் சேமிப்புக் கிடங்கு அதன் நெடிய தண்டு.

மோட்டார் இல்லாமல் ஏறும் தண்ணீர்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். மற்ற மாதங்களில் பனை எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது? தண்டின் அடியிலிருந்து நாலா பக்கமும் பரவும் நூற்றுக்கணக்கான நார் வேர்களின் உதவியால்தான்.

சரி, வேர் உறிஞ்சிய தண்ணீர் அறுபது, எழுபது அடி உயரத்துக்கு ஏறுவது எப்படி? நம்ம ஊர் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் கட்டிய கடல் நீரை வெயிலும் காற்றும் ஆவியாக எடுத்துக்கொள்கின்றன. ஓலையிலும் அதுவே நடக்கிறது. இலைத்துளை வழியே தண்ணீர் ஆவியாகிப் போகிறது. இதை நீராவிப்போக்கு என்கிறோம். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை. அதனால் மேலே ஒரு துளி வெளியேறும்போது, பின்னால் இருக்கும் துளியும் சேர்ந்து இழுபடுகிறது. கிணற்றில் கயிறு இழுப்பது மாதிரி, வேர் வரைக்கும் அந்த இழுப்பு போகும். 1894-ல் டிக்சன், ஜோலி என்ற இருவர் இந்த விளக்கத்தைச் சொன்னார்கள்.

தண்ணீர் மேலே போகும் குழாய்க்குப் பெயர் சைலம். ஓலை சமைத்த சர்க்கரையை மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்க்குப் பெயர் புளோயம். இனிமேல்தான் பனைக்கும் வேம்புக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது.

வேம்பு, புளி போன்ற மரங்களில் பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்ற ஓர் அடுக்கு உண்டு. அது வருஷந்தோறும் புதிய சைலத்தையும் புளோயத்தையும் உண்டாக்கும். மரம் பருக்கும், காயம் மூடும். வெட்டினாலும் அடிமரத்தில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் துளிர்க்கும்.

பனை ஒருவித்திலைத் தாவரம். புல்லும் நெல்லும் அதற்குச் சொந்தக்காரர்கள். அதற்குக் கேம்பியம் கிடையாது, ஆண்டு வளையம் கிடையாது. வீட்டுக் கூரைக்குப் போட்ட பனங்கட்டையைப் பார்த்தால் கறுப்பு நார்கள் கோடு கோடாகத் தெரியுமே, குழாய்கள் அந்த நார்க் கற்றைகளோடு சேர்ந்துதான் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இளமையில் அமைந்த அந்தக் குழாய்களை வைத்தே பனை ஆயுசு முழுவதும் காலம் தள்ள வேண்டும். தண்டில் ஆணி அடித்தாலோ, கொத்திப் பள்ளம் பறித்தாலோ, அடியில் குப்பையைக் கொளுத்தினாலோ அந்தக் காயம் ஆறவே ஆறாது.

எல்லாவற்றுக்கும் மேலே, பனைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று. அது உச்சியில் இருக்கும் குருத்து. அது போனால் மரம் போச்சு. பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான்.

பாளையில் சொட்டும் பாடம்

பதநீர் எங்கிருந்து வருகிறது? புளோயத்திலிருந்து. பூக்கும் காலத்தில் தண்டில் சேர்த்த சர்க்கரையை மரம் பாளைக்கு அனுப்புகிறது. பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டால் பூவுக்குப் போக வேண்டிய சாறு கலயத்தில் சொட்டும். அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். பதநீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. அதனால் பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கருப்பட்டி கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி நம் மாவட்டத்துச் சரக்குதான். சீவுவது பாளையை மட்டும். குருத்தைத் தொடுவதில்லை. ஆகவே மரத்துக்கு ஆபத்து இல்லை.

காய்க்காத பனை உதவாத பனையா?

பனையில் ஆண் தனி, பெண் தனி. ஆண் பனையை அலகுப் பனை என்றும், பெண் பனையைப் பருவப் பனை என்றும் சொல்வார்கள். காற்றும் பூச்சிகளும் ஆண் பனையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து பெண் பூவில் சேர்த்தால்தான் காய். ஆண் பனை காய்க்காது. ஆனால் பதநீர் தரும். அதை வெட்டிவிட்டால் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பனைக்கும் நஷ்டம்.

பனை முதலில் பூக்கவே பன்னிரண்டு முதல் இருபது வருஷம்கூட ஆகும். பூக்கும் வரை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. பத்து வருஷப் பனையைப் பார்த்து "காய்க்கலையே" என்று கோபப்படுவது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சம்பளம் கேட்பது மாதிரி.

காய்க்குள் இளசாக இருக்கும்போது நாம் உறிஞ்சும் நுங்கு, விதைக்கான உணவு. முற்றினால் அது கல்போல் இறுகும். பழம் விழுந்து கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். கருவை ஈரம் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். கொட்டைக்குள் பஞ்சு போன்ற தவுண் உண்டாகி, இறுகிய உணவைக் கரைத்துக் கீழே அனுப்பும். அந்தச் சேமிப்புதான் பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு. வறட்சியைத் தாங்கும் கெட்டிக்காரத்தனம் விதையிலேயே தொடங்கிவிடுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. வேப்பங்கிளை ஒன்றில் பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டி, வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே கோக்கும் நீர்த்துளிகள் நீராவிப்போக்கின் சாட்சி.

2. காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, கழுவி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் வையுங்கள். சில மணி நேரத்தில் தண்டில் ஏறும் சிவப்புக் கோடு சைலத்தின் பாதை.

நீங்கள் செய்யக்கூடியது

பனை 1978 முதல் நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் வெளியான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் பனை மேம்பாட்டு இயக்கமும் அதே அறிக்கையில் வந்தது. எனவே வேலி ஓரத்துப் பனையில் கை வைக்கும் முன் ஆட்சியர் அலுவலகத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். விதைக்க விரும்பினால் ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழுந்த கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள்.

நம்மிடம் கேட்டவருக்கும் இதைத்தான் சொன்னோம். "அப்போ இன்னும் அஞ்சாறு வருஷம் பாப்போம்" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "பாளை விட்டா என்னைக் கூப்பிடு" என்றார்.