தாத்தாவின் 74 ஒலிநாடாக்களும் ஓர் எம்.பி.3 கருவியும்

"எம்.பி.3 கருவியா? இந்தக் காலத்தில் அதை யார் வாங்குகிறார்கள்?"

விடுதித் தோழியர் என்னைக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஸ்போட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்துவிட்டது. ஐபாட் விற்பனைக்கு ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பாட்டு, படம், வங்கிக் கணக்கு எல்லாம் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்ட பிறகு தனியாக ஒரு கருவி எதற்கு?

கருவி எனக்கில்லை, என் தாத்தாவுக்கு.

தாத்தா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுவரை படித்தார். இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் என் சித்தப்பா குடும்பத்தோடு இருக்கிறார். அவரிடம் 74 ஒலிநாடாக்கள் உள்ளன. எல்லாம் 60 நிமிட நாடாக்கள். பெரும்பாலானவை எண்பதுகளில் வானொலியிலிருந்து அவரே பதிவு செய்தவை. ஒவ்வோர் அட்டையிலும் நீல மையில் பாடலின் பெயர், படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். நாடாவின் முதுகில் 1 முதல் 74 வரை எண். பாட்டு தொடங்கும்முன் அறிவிப்பாளரின் குரலில் பாதி வாக்கியம்கூடச் சில இடங்களில் பதிவாகியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் அவர் ரசிப்பார்.

அந்த நாடாக்களை ஓட்டிய வானொலிப் பெட்டி சென்ற ஆண்டு நின்றுபோனது. உள்ளே இருந்த ரப்பர் வார் இளகிப் பிசின்போல் ஆகிவிட்டது. பழுதுபார்ப்பவர் கையை விரித்துவிட்டார். "பரவாயில்லம்மா, கேட்டது போதும்" என்றார் தாத்தா. அவர் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று பொருளல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நாடாவைக் கணினிக்கு மாற்றுவது கடினமான வேலையன்று, நீளமான வேலை. ஒரு நண்பரின் வீட்டிலிருந்து ஓடுகிற நாடாக் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். அதன் காதொலிப்பான் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடம். இரண்டு பருவ விடுமுறைகள் அதிலேயே கழிந்தன.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கருவி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரை நம்புவதற்குப் பதில் இந்தக் கணக்கை நம்பலாம். குறுந்தட்டின் தரத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் இடம் பிடிக்கும். அதாவது நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கும் மேல். அப்படியே வைத்தால் தாத்தாவின் 74 மணி நேரத்துக்கு 47 ஜிகாபைட் வேண்டும். ஃபிளாக் என்னும் வடிவம் ஒலியில் எதையும் இழக்காமல் அதைப் பாதியளவுக்குச் சுருக்கும். எம்.பி.3 இன்னும் துணிந்து, நம் காது கவனிக்காது என்று கருதும் பகுதிகளைத் தள்ளிவிட்டு 128 கிலோபிட்டில் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டாக ஆக்கிவிடும். மொத்தம் 4.3 ஜிகாபைட். பழைய வானொலிப் பதிவுக்கு அது தாராளம். பாதுகாப்புக்காக ஃபிளாக்கில் ஒரு படியை வன்தட்டில் வைத்துவிட்டு, கருவிக்கு எம்.பி.3 போதும் என்று முடிவு செய்தேன்.

இந்தக் கருவிகளின் வரலாறு என் வயதைவிடச் சற்றே மூத்தது. ஜெர்மனியின் ஃபிராவுன்ஹோஃபர் ஆய்வுக்கழகத்தார் தங்கள் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தது 1995 ஜூலையில். 1998இல் தென்கொரியாவின் எம்.பி.மேன், அமெரிக்காவின் டயமண்ட் ரியோ ஆகியவை கடைக்கு வந்தன. ரியோவின் கொள்ளளவு 32 மெகாபைட். தாத்தாவின் ஒரு நாடாவில் ஒரு பக்கம் மட்டும்தான் அதில் அடங்கியிருக்கும்! 2000இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிகாபைட் வன்தட்டுடன் நோமாட் ஜூக்பாக்ஸைக் கொண்டு வந்தது. 2001 அக்டோபரில் 5 ஜிகாபைட்டுடன் முதல் ஐபாட் அறிவிக்கப்பட்டது. இவற்றில் எதிலும் 74 நாடாக்களும் அடங்கியிருக்கும்.

கிரியேட்டிவுக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கைப் பலர் அறிந்திருக்கலாம். 2006இல் ஆப்பிள் பத்துக் கோடி அமெரிக்க டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. எதற்கு அவ்வளவு பணம்? ஒலித் தரத்துக்கா, மின்கலத்துக்கா? இல்லை. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடகர், இசைத்தொகுப்பு, பாடல் என்று பெயர்ப் பட்டியல்களாக அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து தேடும் முறைக்கு. அதற்குத்தான் கிரியேட்டிவ் காப்புரிமை வைத்திருந்தது. இந்தக் கருவிகளின் உயிர் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அதைப் படித்தபோது தோன்றியது. அப்போது அதன் முழு அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் ஏறத்தாழ எழுபது ரிங்கிட்டுக்கு ஒரு கருவி வாங்கினேன். உள்ளங்கை அளவு, சிறிய வண்ணத்திரை, உள்ளேயே ஒலிபெருக்கி. காதில் எதையும் செருகிக்கொள்ள மாட்டேன் என்று தாத்தா முன்பே சொல்லிவிட்டார். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்க வேண்டுமாம். முக்கியமாக, அதில் அழுத்தினால் அழுந்தும் பொத்தான்கள் இருந்தன. பல ஆண்டுகள் உளி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. சித்தப்பாவின் கைத்தொலைபேசித் திரையை அவர் தொட்டால், பாதி நேரம் அது தொட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. தொடுதிரை விரலிலுள்ள மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. காய்ந்து தடித்த தோல் அதற்குப் புரிவதில்லை.

கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"பாட்டு பேருதான் தாத்தா."

"எந்த பாஷையில?"

நான் எல்லாப் பெயர்களையும் ரோமன் எழுத்தில் தட்டியிருந்தேன். யோசித்துச் செய்ததன்று; கை தானாக அப்படித்தான் போனது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். அந்தப் பள்ளிக்கு என்னைத் தினமும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனவரே தாத்தாதான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும், மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் தங்கி, தமிழ் வகுப்பில் உட்கார்ந்து எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதினேன். அப்படிப்பட்டவள் தமிழ்ப் பாட்டுக்குத் தமிழில் பெயர் எழுதவில்லை. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கருவியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

விடுதிக்குத் திரும்பி எல்லாவற்றையும் தமிழில் மாற்றினேன். தட்டுவதில் சிரமமே இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் தந்த விசைமுறை இன்று எல்லாருக்கும் பழக்கம். மடிக்கணினியில் பெயர்கள் அழகாகத் தெரிந்தன. கருவியில் ஏற்றினால் சதுரக் கட்டங்கள் வரிசையாக நின்றன!

இங்கிருந்துதான் என் உண்மையான படிப்பு தொடங்கியது. கணினி அறிவியல் படிக்கும் தோழி ஒருத்தி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எம்.பி.3 கோப்புக்குள் பாட்டோடு ஓர் அடையாளக் குறிப்பும் இருக்கிறது, அதற்கு ஐ.டி.3 என்று பெயர். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் அமைத்த முதல் வடிவம் கோப்பின் வாலில் ஒட்டிய 128 பைட்டுகள்தாம். பாட்டின் பெயருக்கு 30 பைட். ஆங்கிலத்தில் 30 எழுத்து எழுதலாம். யூனிகோட் தமிழை யு.டி.எஃப்.8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். பத்துக் குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 'தெய்வ மகன்' என்று எழுதினால் இடைவெளியும் சேர்த்து 28 பைட். மெய்யின் புள்ளியும் ஒரு குறியீடு, கொம்பும் ஒரு குறியீடு அல்லவா? இசை வகையைக் குறிக்க அதில் முதலில் 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றும் இருந்தது. அதில் போல்கா உண்டு. கர்நாடக இசை இல்லை. பின்னால் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் யூனிகோட்டுக்கு முறையான இடம் கிடைத்தது.

எனவே திரையில் தமிழ் கெட்டுத் தெரிந்தால், எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். நோய் அதிலேயே தெரியும். கேள்விக்குறிகளாக வந்தால், பெயரைச் சேமிக்கும்போதே தமிழ் தொலைந்துவிட்டது. திரும்ப எழுதத்தான் வேண்டும். மேற்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் நிற்கும் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால், தமிழ் பத்திரமாக இருக்கிறது, கருவி அதை மேற்கத்திய எழுத்து என்று நினைத்துப் படிக்கிறது. யு.டி.எஃப்.8 தமிழில் பெரும்பாலான எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே என்பதால்தான் அதே இரண்டு உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குறிப்பை ஐ.டி.3இன் 2.3ஆம் வடிவத்தில் யு.டி.எஃப்.16 முறையில் சேமித்தால் பல கருவிகளில் இது சரியாகும். எம்.பி.3 டேக் என்ற மென்பொருள் இதைச் செய்யும். சதுரக் கட்டமாக வந்தால், கருவிக்கு இது வேறு எழுத்து என்று தெரிகிறது, ஆனால் அதனிடம் தமிழ் எழுத்துரு இல்லை. இதற்கு நாம் வெளியிலிருந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் எனக்கு அதிகக் கோபம் மூட்டியது. கடை ஒன்றில் பார்த்த வேறொரு கருவியில் தமிழ் எழுத்துரு இருந்தது, ஆனால் தமிழ் இல்லை. 'தெய்வ மகன்' என்பதில் முதலில் த, அதற்குப் பின்னால் கொம்பு, அப்புறம் ய, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி. யூனிகோட் 'தெ'யைத் த, பிறகு கொம்பு என்ற ஒலி வரிசையில்தான் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் தூக்கி வைப்பது கருவியின் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் எழுத்துருவை மட்டும் போட்டுவிட்டு, பெட்டியின்மேல் பல மொழிகள் என்று அச்சடித்திருந்தார்கள். நம்மில் யாரும் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ரோமன் எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ளும் நாம் எதைக் கேட்கப் போகிறோம்?

ஆண்ட்ராய்டில் ஓடும் விலை கூடிய கருவிகளில் தமிழ் சரியாகத் தெரிந்தது. ஆனால் அவை தொடுதிரைக் கருவிகள். ஆக, தாத்தாவின் விரலுக்கு ஏற்ற கருவிக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கருவிக்குத் தாத்தாவின் விரல் தெரியாது. இரண்டு வாரம் இதிலேயே உழன்றேன்.

வழி கிடைத்தது ஒலிநாடா அட்டைகளிலிருந்து. ஐ.டி.3 குறிப்புக்குள் எழுத்து மட்டுமன்றி ஒரு படத்தையும் வைக்கலாம். இசைத்தொகுப்பின் அட்டைப்படத்துக்காக ஏற்பட்ட வசதி அது. படத்துக்கு எழுத்துரு தேவையில்லை. தாத்தாவின் அட்டைகளைப் படம் பிடித்து, ஒவ்வொரு பாட்டின் வரியையும் தனியே வெட்டி, அந்தந்தக் கோப்புக்குள் வைத்தேன். முதலில் சில படங்கள் தெரியவே இல்லை. மலிவான கருவிகள் பெரிய படத்தையும், படிப்படியாகத் தெளிவாகும் ஜேபெக் வகையையும் திறக்காது என்று பிறகு தெரிந்தது. 300 புள்ளிக்கு 300 புள்ளியாகச் சுருக்கி, சாதாரண ஜேபெக்காகச் சேமித்ததும் திரையில் நீல மை தெரிந்தது.

பட்டியலுக்கு எண்களே போதும் என்று விட்டுவிட்டேன். கோப்புறைகளுக்கு 01 முதல் 74 வரை அவருடைய எண்களையே பெயராக வைத்தேன். முன்னால் சுழியம் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பல கருவிகளில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். நினைவட்டையும் 32 ஜிகாபைட்டுக்குள் இருக்கட்டும். அதற்கு மேற்பட்டவை வேறு கோப்பு முறையில் வருவதால் சிறிய கருவிகள் பலவற்றுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது.

தமிழில் தட்டிய பெயர்களையும் நான் அழிக்கவில்லை. இந்தக் கருவியில் அவை சதுரங்கள்தாம். அடுத்து வரும் ஏதோ ஒரு கருவியில் எழுத்தாகத் தெரியட்டும் என்று உள்ளேயே விட்டு வைத்திருக்கிறேன். படத்தை ஒட்டியது ஒரு தந்திரம்தான், தீர்வன்று என்பது எனக்கும் தெரியும்.

தீபாவளி விடுமுறையில் அதே கருவியைத் திரும்பக் கொடுத்தேன். தாத்தா பொத்தானை அழுத்தி 23க்குப் போனார். திரையை நெடுநேரம் பார்த்தார். "இது என் எழுத்தாச்சே" என்றார். அதற்குமேல் எதுவும் பேசாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தமும் பாட்டுச் சத்தமும் சேர்ந்து வந்தன.

போன வாரம் சித்தப்பாவின் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்தார். 52ஆம் நாடாவில் இரண்டாம் பக்கத்தைக் காணோமாம். நான் கேட்டபோது அதில் வெறும் இரைச்சல்தான் இருந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்றேன்.

"இரைச்சல் கொஞ்ச நேரந்தாம்மா. அதுக்கு அப்புறம் பாட்டு இருக்கு" என்றார்.

இரவல் கருவியை மறுபடியும் கேட்டிருக்கிறேன். இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் முதல் வேலை அதுதான்.