வரிக் கணக்கு எப்போது போடலாம்? எதனால் தாமதம் ஆகிறது?



"வருமான வரியெல்லாம் முதலாளிமாருக்குத்தானே, நமக்கு எதுக்கு?" என்று கூட்டத்தில் கேட்கிறீர்கள். ஆனால் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் நம்மில் சிலர் கம்பெனியிடம் அட்டை, பேப்பர் வாங்கி, பெட்டி ஒட்டி பில் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருஷ மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, கம்பெனி 1 சதவீதம் வரி பிடிக்கும். இதுதான் டிடிஎஸ்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு சகோதரி வருஷத்தில் 1,50,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார். 1 சதவீதம் என்றால் பிடிப்பு 1,500 ரூபாய். பான் கார்டு கொடுக்கவில்லை, அல்லது ஆதாருடன் இணைக்காமல் கார்டு செயலிழந்து கிடக்கிறது என்றால் பிடிப்பு 20 சதவீதம், அதாவது 30,000 ரூபாய்! 2025-26 வருமானத்துக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. பிடித்த பணம் நம் பணம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்ப வரும்.

எப்போது திறக்கும்?

நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். அதன் பிறகு வருமான வரித்துறை தன் இணையதளத்தில் படிவத்தைத் திறக்க வேண்டும். 2024-ல் ஏப்ரல் 1-ஆம் தேதியே திறந்துவிட்டது. 2025-ல் படிவங்களில் மாற்றம் நிறைய இருந்ததால், முதல் படிவங்கள் வர மே கடைசி ஆகிவிட்டது. அதனால் கடைசி தேதி ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. பிறகு இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். ஆகவே ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த அன்றே ஓட வேண்டியதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்குக் கம்பெனி மே 31-க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அது ஜூன் மாதம்தான் நம் பெயரில், 26ஏஎஸ் என்று சொல்லும் தாளில் ஏறும். அதில் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்தால் சிக்கல் இல்லை. ஏறவில்லை என்றால் கம்பெனிக் கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நம் பக்கத்தில் வரும் தாமதம்

1. பான், ஆதார் இணைப்பு: இணைக்காத கார்டுகள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. அப்படிப்பட்ட கார்டுக்குப் பணம் திரும்பத் தரமாட்டார்கள். 1,000 ரூபாய் கட்டி இணைத்தாலும் சரியாக 30 நாள் வரை ஆகும். ஆகவே ஏப்ரலிலேயே பாருங்கள்.

2. பெயர்: பான் கார்டில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல் என்று இருந்தால் வங்கிக் கணக்கை ஏற்காமல் போகலாம். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் சொந்தக் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும், குழுக் கணக்கு ஆகாது.

3. போன் நம்பர்: ஆதாரில் பழைய நம்பர் இருந்தால் ஓடிபி வராது. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஓடிபி மூலம் உறுதி செய்யாவிட்டால், காலத்தில் தாக்கல் செய்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசி தேதி தவறிவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குப் போடலாம். ஆனால் பணம் வருவதும் தள்ளிப்போகும்.

எச்சரிக்கை: "நிறைய ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், ஓடிபி சொல்லுங்கக்கா" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பொய்க் கணக்குக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

• பில் போட்டு வேலை செய்யும் உறுப்பினர்கள் யார் யார்? யாருக்கு வரி பிடித்திருக்கிறார்கள்?
• பான், ஆதார், பாஸ்புக் மூன்றையும் கொண்டுவந்து பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.
• ஆதாரில் நம்பர் மாற்ற வேண்டியவர்கள் பட்டியலை ஊக்குநர் எழுதட்டும். எல்லோரும் ஒரே நாளில் ஆதார் மையத்துக்குச் சேர்ந்து போகலாம்.